ராட்டினத் திடலில் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு

திருவிழாவுக்கும் பொருட்காட்சிக்கும் ஊர் ஊராகச் செல்லும் ராட்டினங்களில் வேலை செய்ய வருகிறவர்களில் பெரும்பாலோர், பொத்தானை அழுத்தினால் சுற்றும், இன்னொன்றை அழுத்தினால் நிற்கும், அவ்வளவுதான் வேலை என்ற எண்ணத்துடனேயே வருகிறார்கள். பொத்தான் இந்தத் தொழிலின் மிகச் சிறிய பகுதி. லாரியிலிருந்து இரும்பை இறக்கிப் பூட்டுவது, பூட்டியதைத் தினமும் தொட்டுப் பார்ப்பது, ஆட்களின் எடையைக் கண்ணாலேயே கணித்து ஏற்றுவது, சந்தேகம் எழுந்த நொடியில் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் நிறுத்துவது ஆகியவற்றில்தான் ஒரு ஆபரேட்டரின் நேரம் முழுவதும் செல்கிறது. அவற்றைத் தமிழ்நாட்டுத் திடல்களின் நடைமுறையை ஒட்டி, வேலை நடக்கும் வரிசையிலேயே இங்கே சொல்கிறேன்.

சேருவதற்கு முன்

ஒரு முதலாளியிடம் பேசுவதற்கு முன்னால், அவருடைய செட் (அவருடைய ராட்டினங்களும் லாரிகளும் ஆட்களும் சேர்ந்த குழு) ஏதாவது ஊரில் ஓடிக்கொண்டிருக்கும்போது டிக்கெட் எடுத்து ஏறிப் பாருங்கள். நீங்கள் உட்காரும் தொட்டியின் கதவுக்குக் கொக்கி போட்டார்களா, போட்ட பிறகு இழுத்துப் பார்த்தார்களா, முழுவதும் நின்ற பிறகு இறக்கினார்களா, ஓடிக்கொண்டிருக்கும்போது ஆபரேட்டரின் கண் ராட்டினத்தில் இருந்ததா செல்போனில் இருந்ததா என்று கவனியுங்கள். ஒரு செட்டின் லட்சணம் அந்தச் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் கொக்கியை இழுத்துப் பார்க்கிற செட்டில் சேருவதுதான் நல்லது.

வயது 18 நிறைந்திருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி 14 வயதுக்குக் குறைந்தவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. 14 முதல் 18 வரையிலானவர்களை ஆபத்தான தொழில்களில் அமர்த்தக் கூடாது. சின்னப் பையன்கள் ராட்டினக் கம்பியில் தொற்றிக்கொண்டு சுற்றுவதைத் திருவிழாக்களில் சாகசம்போல ரசிக்கிறார்கள். அது சாகசமில்லை, மேற்பார்வை இல்லாததன் அடையாளம்.

கூலியைப் பற்றித் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். மாதச் சம்பளமா, ஒரு திடலுக்கு இவ்வளவு என்ற கணக்கா, தினப் பேட்டா எவ்வளவு, சாப்பாடு செட்டிலேயே சமைத்துத் தருவார்களா, மழைக்காலத்தில் ஓட்டம் இல்லாதபோது என்ன தருவார்கள், அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்ற ஐந்தையும் கேட்காமல் சேர வேண்டாம். முன்பணம் கைநிறையத் தருகிறேன் என்று சொல்லும் இடத்தில் கூடுதல் கவனம் தேவை. வாங்கிய முன்பணத்தைக் காட்டி ஒருவரை வெளியே போகவிடாமல் பிடித்துவைப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றம். என்றாலும், சட்டம் வந்து காப்பாற்றும்வரை மாட்டிக்கொண்டு நிற்பதைவிட, முன்பணத்தைக் குறைவாக வாங்கி, வாங்கிய தொகையையும் கழிந்த தொகையையும் தேதியுடன் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது எளிது. திடல் அமைக்கும்போது காவல் நிலையத்தில் ஊழியர்களின் பட்டியலும் ஆதார் நகலும் கேட்பார்கள். நகலை மட்டும் கொடுங்கள், அசல் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

வங்கிக் கணக்கு இருந்தால் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்ந்துவிடுங்கள். 18 முதல் 70 வயது வரையிலானவர்களுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில், விபத்தால் இறந்தாலோ முழுமையாக ஊனமடைந்தாலோ 2 லட்சம் ரூபாய், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம் ரூபாய் என்பது அதன் பலன். பாதுகாப்புக் காலம் ஜூன் 1 தொடங்கி மே 31 வரை என்பதால், மே கடைசியில் கணக்கில் அந்த 20 ரூபாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சித்திரை, வைகாசித் திருவிழாக்களில் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் அது, மறந்துபோவது இயல்பு.

ஆண்டுச் சுற்று

பொங்கலை ஒட்டிச் சென்னைத் தீவுத்திடலில் சுற்றுலாப் பொருட்காட்சி நடக்கும். இரண்டு மாதத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருக்கலாம் என்பதால் குடும்பம் உள்ளவர்கள் அதை விரும்புவார்கள். பங்குனியில் விருதுநகர்ப் பொங்கல், சித்திரையில் மதுரையும் தேனி வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவும், ஆனியில் நெல்லைத் தேரோட்டம், ஆடியில் சேலமும் அந்தியூர் குருநாதசாமி கோயிலும், ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை தூத்துக்குடி பனிமய மாதா, ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி, புரட்டாசியில் குலசேகரப்பட்டினம் தசரா என்று சுற்று போகும். ஒரே செட் எல்லா ஊருக்கும் போவதில்லை. திடல் ஏலத்தை எடுத்தவருடன் எந்த முதலாளிக்குத் தொடர்பு இருக்கிறதோ அவருடைய லாரி அங்கே போகும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ஓட்டம் குறைந்து, பெயின்ட், வெல்டிங், பேரிங் மாற்றுதல் போன்ற வேலைகள் கொட்டகையில் நடக்கும். புதியவர்கள் இந்தக் காலத்தில் வந்து சேருவது மிகவும் நல்லது. ராட்டினம் பிரிந்து கிடக்கும்போதுதான் எந்தத் துண்டு எதைத் தாங்குகிறது என்பதை அவசரமில்லாமல் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும்.

பூட்டும் நாட்கள்

திடலில் முதலில் பார்க்க வேண்டியது மேலே, அடுத்தது கீழே. மேலே மின்கம்பி செல்கிறதா, மரக்கிளை தொடுமா, பக்கத்து ராட்டினம் சுற்றும்போது அதன் கைகள் நம்முடைய வட்டத்துக்குள் வருமா என்று பாருங்கள். தொட்டி உயரும் வட்டத்தோடு, ஏறியவர் நீட்டும் கையின் நீளத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கீழே மண். தமிழ்நாட்டில் ஒரு செட் ஒரே ஆண்டில் மூன்று நான்கு வகை மண்ணைச் சந்திக்கும். விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல், காய்ந்திருக்கும்போது கல்லாக நிற்கும். ஒரு மழை பெய்தால் உப்பிக் குழைந்து, ஒரு பக்கக் காலை உள்ளே வாங்கிவிடும். குலசேகரப்பட்டினம், வேளாங்கண்ணி போன்ற கடலோரத் திடல்களில் மணல் அசைவுக்கு அசைவு நகர்ந்துகொடுக்கும், அதோடு உப்புக்காற்று போல்ட்டின் மரையையும் கம்பிக் கயிற்றின் உள்ளிழையையும் அரிக்கும். செம்மண் திடல்தான் ஓரளவு நிம்மதி தருவது. குப்பையைக் கொட்டி மேலே மண் நிரப்பிய இடத்தில் கால் ஊன்றவே கூடாது. கடப்பாரையால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். எந்த மண்ணாக இருந்தாலும் ராட்டினத்தின் கால் நேரடியாக மண்ணில் நிற்கக் கூடாது, அகலமான மரக்கட்டைகளின் மேல்தான் நிற்க வேண்டும். கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, ரசமட்டம் வைத்து, நான்கு பக்கமும் டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்துச் சமம் செய்வதற்கு அரை நாள் ஆகும். இந்த அரை நாளைக் குறைக்கச் சொல்லி எல்லாத் திடலிலும் அவசரப்படுத்துவார்கள். மட்டம் தப்பிய அச்சில் ஏற்றும் எடை முழுவதும் ஒரே பேரிங்கின் மேல் விழும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அந்த அவசரத்துக்குக் காது கொடுக்காமல் இருங்கள்.

பூட்டும்போது புதியவருக்குப் பெரும்பாலும் கட்டை சுமக்கிற, ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலைதான் கிடைக்கும். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். எந்த இணைப்புக்கு எந்த அளவு போல்ட் என்பது எடுத்துக் கொடுக்கிறவருக்குத்தான் முதலில் மனப்பாடமாகும். போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருந்தால் அது உயர்வலிமை போல்ட். அது தொலைந்துபோனால் அந்த இடத்தில் ஊர்ச் சந்தியில் கிடைக்கும் சாதாரண போல்ட்டைப் போடக் கூடாது. பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் அது தாங்கும் பாரம் பாதிகூட இருக்காது. நட்டை முழுவதும் இறுக்கிய பின், நட்டிலிருந்து இரும்புவரை குறுக்கே வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். மறுநாள் காலை அந்தக் கோடு ஒடிந்து இரண்டாகத் தெரிந்தால் நட்டு திரும்பியிருக்கிறது என்று பொருள். ஒவ்வொன்றிலும் ஸ்பேனர் போட்டுப் பார்க்காமலே, நடந்துகொண்டே நூறு நட்டுகளைச் சோதித்துவிடலாம்.

இணைப்பு முள்ளின் துளையில் செருகும் காட்டர் பின்னும் ஆர் கிளிப்பும் சிறிய பொருட்கள், விலையும் மிகக் குறைவு. ஆனால் இரும்புகளை இணைக்கும் பெரிய முள் கழன்று விழாமல் காப்பது அவைதான். அவை தீர்ந்துபோன இடத்தில் ஆணியை வளைத்துச் செருகுவது இந்தத் தொழிலின் மிகக் கெட்ட பழக்கம். கையில் ஒரு டப்பா நிறையப் பின் எப்போதும் இருக்க வேண்டும், ஒருமுறை பிரித்த காட்டர் பின்னை மறுபடியும் வளைக்கக் கூடாது.

இழுவைக் கம்பிகளைக் கட்டும்போது கிளாம்ப் போடும் திசையைப் பாருங்கள். கம்பிக் கயிற்றை மடக்கினால் ஒரு பக்கம் பாரம் தாங்கும் நீள முனை, மறுபக்கம் சும்மா நிற்கும் குட்டை முனை. கிளாம்பின் அகலமான அடித்தளம் பாரம் தாங்கும் கயிற்றிலும், யூ வடிவக் கம்பி குட்டை முனையிலும் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் யூ கம்பி, பாரம் தாங்கும் கயிற்றையே நசுக்கிவிடும். இறுக்கத்துக்கு டர்ன்பக்கிளை (கம்பியை இறுக்கும் திருகு இணைப்பை) திருகிய பின், அது தானாகத் திரும்பிவிடாமல் கம்பியால் கட்டிப் பூட்ட வேண்டும்.

ஆட்கள் இல்லாமல் முதலில் வெறுமனே சுற்றவிட்டு, அதன் பின் மணல் மூட்டைகளை ஏற்றிச் சுற்றவிட்ட பிறகே அதிகாரிகளின் பார்வைக்கு விட வேண்டும். பொதுப்பணித் துறையின் உறுதிச் சான்று, மின் ஆய்வாளரின் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, காவல் துறையின் அனுமதி ஆகியவற்றை வாங்குவது முதலாளியின் பொறுப்பு. இருந்தாலும், அவை வந்துவிட்டனவா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அமைப்பு, இயக்கம், பராமரிப்பு ஆகியவற்றுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 15475 என்ற வரிசையில் நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம்

உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன் தவிர வேறு யாரும் பேனலை (ராட்டினத்தை இயக்கும் மின்பெட்டியை) திறக்கக் கூடாது என்பதோடு இந்தப் பகுதியை முடித்திருக்கலாம். ஆனால் எலக்ட்ரீசியன் ஒரு திடலுக்கு ஒருவர்தான் இருப்பார், அவரும் விளக்குத் தோரணம் கட்டப் போயிருப்பார் என்பதால் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மோட்டாரின் உடல், இரும்புச் சட்டம், வேலி, டிக்கெட் கூண்டு எல்லாவற்றுக்கும் எர்த் இருக்க வேண்டும்; மூன்று பேஸ் மோட்டாருக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்புகள் கட்டாயம். சித்திரை வெயிலில் மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது. எனவே எர்த் குழியில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவது யாருடைய வேலை என்று முதல் நாளே பெயர் சொல்லி முடிவுசெய்து வையுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதைத் தவிர்த்து நேரடியாக இணைப்புக் கொடுப்பவர்கள் உண்டு. அது விழுவது எங்கோ கசிவு இருப்பதால்தான்; கசிவைக் கண்டுபிடிக்காமல் காவலை அகற்றினால் ஷாக் வாங்கப் போவது வரிசையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தை.

புதிய திடலில் முதல் முறை இணைப்புக் கொடுத்ததும் மோட்டார் சரியான திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். மூன்று பேஸில் ஏதேனும் இரண்டு இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். அதேபோல, ஜெனரேட்டருக்கு மாற்றும்போதும் திசையைச் சரிபார்க்க வேண்டும்.

ராட்டினத்தின் மேல் ஏறுவதற்கு முன் மெயினை அணைத்து, பியூஸ் கட்டையைக் கழற்றி உங்கள் பையில் போட்டுக்கொண்டு, ‘ஆள் மேலே இருக்கிறார்’ என்று அட்டை தொங்கவிட்டு ஏறுங்கள். “அணைத்துவிட்டேன், அண்ணே, ஏறுங்கள்” என்று யாராவது கீழிருந்து சொல்வதை மட்டும் நம்பி ஏறக் கூடாது. சொன்னவர் டீ குடிக்கப் போனதும் வேறொருவர் வந்து பொத்தானை அழுத்துவதற்கு எதுவும் தடையில்லை.

மாலை திறப்பதற்கு முன்

பொருட்காட்சிகள் பெரும்பாலும் மாலையில்தான் திறக்கும். எனவே பகலில் சோதனைக்குப் போதிய நேரம் இருக்கிறது. வெயில் ஏறுவதற்குமுன் செய்துவிடுங்கள். வரிசையை ஒருபோதும் மாற்றாதீர்கள். அடித்தளக் கட்டையில் தொடங்கி, கால், அச்சு, பேரிங், கைகள், தொட்டிகள், கதவுக் கொக்கிகள், பெல்ட் அல்லது கயிறு, பிரேக், வேலி என்று எப்போதும் ஒரே பாதையில் போனால் ஒன்று விட்டுப்போனாலும் கை தானாக நின்றுவிடும்.

வெல்டிங் விரிசலைக் கண்டுபிடிக்க, பெயின்ட்டைப் பாருங்கள். இரும்பு விரிந்த இடத்தில் பெயின்ட் மயிரிழையாகப் பிளந்து, அதன் வழியாகத் துருநீர் கசிந்து பழுப்புக் கோடாக வழிந்திருக்கும். அதன் மேல் புதிதாகப் பெயின்ட் அடித்து மறைக்காமல், துடைத்து, செந்நிறச் சாயமும் வெள்ளைப் பொடியும் தெளித்துச் சோதிக்கச் சொல்லுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளைப் பொடியில் சிவப்புக் கோடு எழும். அகமதாபாத்தின் காங்கரியா பூங்காவில் 2019 ஜூலையில் ஊசல் ராட்டினம் ஒன்று ஓட்டத்தில் முறிந்து விழுந்ததில் 2 பேர் இறந்தார்கள், இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அது நிரந்தரமாக ஒரே இடத்தில் நிற்கும் ராட்டினம். நம்முடையவை ஆண்டில் பலமுறை கழற்றப்பட்டு, லாரியில் குலுங்கி, மறுபடியும் பூட்டப்படுபவை. சோதனையும் அந்த அளவுக்குக் கூட வேண்டும்.

கம்பிக் கயிற்றைப் பஞ்சுத்துணியால் சுற்றிப் பிடித்து, மெயின் அணைந்திருக்கும்போது மெதுவாக நெடுக இழுத்துக்கொண்டே போங்கள். அறுந்த இழை இருந்தால் துணி சிக்கும். அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்து மேஸ்திரியிடம் காட்டுங்கள். கிரீஸ் நிப்பிளில் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். வெளிவரும் கிரீஸில் உலோகப் பொடி மினுங்கினால் பேரிங் தேய்கிறது. மூன்று சுற்றாவது ஆளில்லாமல் சுற்றவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேளுங்கள். நாள்தோறும் கேட்டுப் பழகியவருக்கு மாற்றம் உடனே காதில் படும். ஸ்பீக்கர் அலறத் தொடங்கிவிட்டால் இந்தச் சோதனைக்கு வழியில்லை.

பார்த்ததை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். குறை இருந்தும் ஓட்டச் சொன்னால், குறையை எழுதி முதலாளியிடமும் கையெழுத்துக் கேளுங்கள். கையெழுத்துப் போட மறுக்கிறவர்கள் பெரும்பாலும் பழுதுபார்க்கச் சம்மதித்துவிடுவார்கள்.

ஏற்றுதல், சுற்றுதல், இறக்குதல்

முதல் சீசனில் பேனலில் கை வைக்கக் கேட்காதீர்கள், கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கதவுப் பக்கம் நின்று ஏற்றி இறக்கும்போதுதான் ராட்டினம் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறது என்பது புரியும்.

ஜெயன்ட் வீலில் முக்கியமானது சமன். 16 தொட்டிகள், ஒவ்வொன்றிலும் 4 பேர், ஒருவர் சராசரியாக 60 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு தொட்டியில் 240 கிலோ. வந்த வரிசைப்படியே அடுத்தடுத்து நான்கு தொட்டிகளை நிரப்பினால் ஒரே பக்கத்தில் 960 கிலோ, கிட்டத்தட்ட ஒரு டன் தொங்கும், எதிர்ப்பக்கம் காலி. பிரேக்கைத் தளர்த்தியதும் கனமான பக்கம் தானாகக் கீழே ஓடிவரும். கயிறோ டயரோ வழுக்கும், மோட்டார் திணறும். அதனால் ஒரு தொட்டியை நிரப்பியதும் அரைச் சுற்றுச் சுற்றி எதிர்த் தொட்டியை நிரப்புங்கள். அதன் பிறகு கால் சுற்று, மறுபடியும் அதன் எதிர். இறக்கும்போதும் இதே முறைதான். கூட்டம் முண்டும் நேரத்தில் ஏற்றும்போது கவனமாக இருக்கிறவர்கள்கூட, இறக்கும்போது வரிசையாக இறக்கிவிடுவார்கள். எடை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் ஆபத்து அப்போதும் அதே அளவுதான். நான்கு பெரியவர்களும் நான்கு பள்ளிப் பிள்ளைகளும் எதிரெதிராக வந்தால் சமன் ஆகாது என்பதையும் பாருங்கள். தனியாக வந்த சிறு குழந்தையைத் தொட்டியில் ஏற்றாதீர்கள்.

முன்னும் பின்னும் ஊசலாடும் கொலம்பஸ் படகில் உயரம் முழுவதும் முனை வரிசைகளில்தான். சிறுவர்களையும் முதல் முறை ஏறுகிறவர்களையும் நடுவில் உட்கார வையுங்கள், இரு முனைகளிலும் ஏறக்குறைய ஒரே எடை இருக்கட்டும். அடியிலிருக்கும் டயர் தேய்த்துத்தான் படகு நிற்கும், எனவே பிரேக் போட்ட பின்னும் பலமுறை ஆடும். கடைசி ஆட்டம் மெதுவாகத்தான் இருக்கிறது என்று எழுந்து நிற்கிறவர்கள் இருப்பார்கள். மைக்கில் ஒரே வாக்கியத்தை, “படகு நிற்கும்வரை பாரைப் பிடித்துக்கொண்டே உட்காருங்கள்” என்பதை, ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். பார் என்பது மடிக்கு மேல் பூட்டும் தடுப்புக் கம்பி. பிரேக் டான்ஸ், டோரா டோரா போன்ற வேகமாகச் சுழலும் ராட்டினங்களில் சுழற்சி ஆட்களை வெளிப்பக்கமாகத் தள்ளும். தந்தையும் மகளும் ஏறினால் தந்தை வெளிப்பக்கம், மகள் உள்பக்கம். மாறி உட்கார்ந்தால் தந்தையின் எடை முழுவதும் குழந்தையின் விலாவில் அழுந்தும்.

சேலைத் தலைப்பு, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை சுழலும் பாகத்தில் மாட்டுவது இந்தத் தொழிலில் நடக்கும் மிகக் கொடுமையான விபத்துகளில் ஒன்று. ரப்பர் பேண்ட் ஒரு டப்பா வாங்கி நுழைவிடத்தில் வைத்து, “தலைமுடியை முடிந்துகொள்ளுங்கள், அக்கா, துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள்” என்று கேட்டுக்கொண்டால் யாரும் மறுப்பதில்லை. கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், முதுகில் அறுவை செய்துகொண்டவர்கள் ஏற வேண்டாம் என்ற பலகை டிக்கெட் கூண்டுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பணம் கொடுத்த பிறகு பலகையைப் படித்தால் சண்டைதான் வரும். உயர அளவுக் கம்பையும் வரிசை தொடங்கும் இடத்திலேயே கட்டுங்கள்.

புறப்படும் சைகை இப்படி இருக்கட்டும். ஒவ்வொரு கதவுப் பக்கத்து ஆளும் தன் பொறுப்பிலுள்ள கொக்கிகளையும் பார்களையும் கையால் இழுத்துப் பார்த்து, வேலிக்கு வெளியே வந்து, கேட்டைச் சாத்தி, அதன் பிறகே கையை உயர்த்த வேண்டும். எல்லாக் கைகளும் உயர்ந்தால்தான் ஆபரேட்டர் இயக்க வேண்டும். நிறுத்துவதற்கு ஒரு நீண்ட விசில் போதும், அதை யாரும் ஊதலாம், காரணம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். பல செட்டுகளில் பிகார், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் பாதிப் பேராவது இருப்பார்கள். தமிழும் இந்தியும் கலந்த கூச்சலை ஸ்பீக்கர் விழுங்கிவிடும், விசில் கேட்கும். வீணாக விசில் ஊதினான் என்று ஒரு புதியவரைத் திட்டும் மேஸ்திரி, அடுத்த முறை ஊத வேண்டிய நேரத்தில் அவரைத் தயங்க வைக்கிறார்.

ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் பார்வை முகங்களில் இருக்கட்டும். குதூகலத்தில் கத்துகிறவரும் பயத்தில் கத்துகிறவரும் ஒரே மாதிரித்தான் ஒலிப்பார்கள், முகம்தான் வேறு. குழந்தை அழுதால், ஒருவர் எழ முயன்றால், பாருக்கு அடியில் நழுவினால், மயக்கமாகச் சாய்ந்தால் உடனே வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள். ‘இன்னும் ஒரு ரவுண்டு’ என்று கூட்டம் கேட்கும். கூட்டத்துக்காக நேரத்தை நீட்டுவதும் வேகத்தைக் கூட்டுவதும் திடலில் பெரும் புகழைத் தரும். அந்தப் புகழை வேறு யாராவது வாங்கிக்கொள்ளட்டும். செல்போன் கீழே விழுந்துவிட்டது என்று வேலிக்குள் பாய்கிறவர்களைத் தடுக்க, ஏறும்போதே போன்களைப் பையில் போட்டு மூடச் சொல்வதே ஒரே வழி.

காற்று, மழை, மின்தடை

சித்திரை, வைகாசி மாலைகளில் வரும் கோடைமழைக்கு முன்னால் காற்று வரும். மேற்கே கறுத்து, தரைப் புழுதி எழும்பினால் புதிய ஆட்களை ஏற்றாமல், ஏறியவர்களை இறக்கத் தொடங்க வேண்டும். இடி கேட்ட பிறகு ஜெயன்ட் வீல் சுற்றக் கூடாது. சக்கரத்தில் கட்டிய விளம்பர பிளெக்ஸ்களை முதலில் அவிழ்த்துவிடுங்கள், அவை பாய்மரம்போலக் காற்றை வாங்கும். காலித் தொட்டிகளைக் கயிற்றால் கட்டிவையுங்கள். மழை நின்றதும் உடனே ஓட்டச் சொல்லிக் கூட்டம் நச்சரிக்கும். ஈரத்தில் டயரும் பெல்ட்டும் வழுக்கும், பிரேக் பிடிக்க நேரம் கூடும், கட்டைக்குக் கீழே மண் இளகியிருக்கும். மறுபடியும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஆளில்லாமல் சுற்றவிட்டு, அதன் பின் டிக்கெட் கொடுங்கள்.

மின்சாரம் போய், ஆட்கள் மேலே நின்றுவிட்டால் முதல் வேலை மைக். ஜெனரேட்டரில் இயங்கும் தனி மைக் அல்லது கைமைக் ஒன்று இதற்கென்றே இருக்க வேண்டும். “மின்சாரம் போயிருக்கிறது, ஒவ்வொரு தொட்டியாக இறக்கப் போகிறோம், யாரும் கதவைத் திறக்க வேண்டாம்” என்று அமைதியான குரலில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பேனலில் வேகத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து மெயினை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் திரும்பும்போது ராட்டினம் தானே புறப்படும். பிறகு மேஸ்திரியின் சொல்லுக்கேற்ப பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, கனமான பக்கத்திலிருந்து கையால் சுற்றி இறக்க வேண்டும். இதை ஆட்கள் இல்லாத பகலில் ஒவ்வொரு திடலிலும் ஒருமுறை பழகிப் பார்க்கச் சொல்லுங்கள்.

குடித்துவிட்டு வருகிறவரை ஏற்றக் கூடாது, அவரிடம் வாக்குவாதமும் கூடாது. டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பொருட்காட்சிக் காவலரை அழையுங்கள். இலவசமாக ஏற்றச் சொல்லும் உள்ளூர்ப் பெரிய மனிதர்களை மேனேஜரிடம் அனுப்பிவிடுங்கள். உங்கள் வேலை கொக்கி.

உடம்பு

இரவு 11 மணிவரை நின்று, கணக்கு முடித்து, சாப்பிட்டுப் படுக்க 1 மணியாகும். அதனால் காலைத் தூக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். லாரிக்கு அடியிலும் ஓடும் ஜெனரேட்டருக்குப் பக்கத்திலும் படுக்கவே கூடாது. முதலாவது சக்கரத்தில் முடியும், இரண்டாவது புகையில் முடியும். காதில் பஞ்சாவது வைத்துக்கொள்ளுங்கள். தளர்ந்த வேட்டி, லுங்கி, கழுத்துத் துண்டு, கைச்சங்கிலி எதுவும் வேலை நேரத்தில் வேண்டாம். கால்சட்டையும் மூடிய காலணியும் போதும்.

கழற்றும் இரவு

திருவிழாவின் கடைசி இரவில் கூட்டம் கலைந்ததும் லாரிகள் வந்து நிற்கும், அடுத்த ஊருக்கு விடிவதற்குள் புறப்பட வேண்டும் என்பார்கள். நாள் முழுவதும் உழைத்து, பாதித் தூக்கத்தில், பாதி வெளிச்சத்தில், கனமான இரும்பைக் கைக்குக் கை மாற்றும் வேலை இது. விரல் நசுங்குவதும் காலில் இரும்பு விழுவதும் பெரும்பாலும் இந்த இரவில்தான். விடிந்த பிறகு கழற்றலாம் என்று மேஸ்திரி சொன்னால் அவருடன் நில்லுங்கள். இரவிலேயே கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால் போக்கஸ் விளக்குகளைக் கடைசியாகக் கழற்றுங்கள், ஹெல்மெட் இல்லாமல் யாரும் கீழே நிற்க வேண்டாம், தூக்கும் இரும்புக்கு அடியில் எவரும் போக வேண்டாம்.

பூட்டியதற்கு நேர் எதிரான வரிசையில்தான் கழற்ற வேண்டும். தொட்டிகளையும் எதிரெதிராகவே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆளில்லாத சக்கரமும் திமிறும். ஒவ்வொரு கைக்கும் அதன் இணைப்புக்கும் ஒரே எண்ணைப் பெயின்ட்டால் எழுதி வைத்திருந்தால் அடுத்த திடலில் பாதி நேரம் மிச்சமாகும். கழற்றிய போல்ட்டுகளை அளவு வாரியாகத் தனித்தனிச் சாக்கில் போட்டு, அளவை அட்டையில் எழுதிக் கட்டுங்கள். மரை தேய்ந்தது, வளைந்தது, கழுத்தில் நெளிந்தது எல்லாவற்றையும் வேறொரு சாக்கில் ஒதுக்கி, அந்தச் சாக்கு மறந்தும் லாரியில் ஏறிவிடாமல் அங்கேயே பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். ஒதுக்கியது எத்தனை, எந்த அளவு என்பதை நோட்டில் குறித்து மேனேஜரிடம் கொடுத்தால், செட் அடுத்த திடலில் இறங்குவதற்குள் அவர் புதியவற்றை வாங்கிவைக்க முடியும்.